காட்டுத் தங்கலுக்கு முதல் ஃபிக்ஸட் பிளேடு கத்தி: எதைப் பார்த்து வாங்குவது?

கோவை_நடையன்:

வணக்கம். மடக்காத கத்தி ஒன்று வாங்க வேண்டும். ஆனைகட்டிப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்திலும் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்திலும் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு. விறகு சீவி அடுப்பு மூட்ட, கயிறு அறுக்க, கூடாரத்துக்கு முளைக்குச்சி செதுக்க, காய்கறி நறுக்க. இவ்வளவுதான் வேலை. 3000 ரூபாய் வரை போகலாம். நல்லதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறலாம்.

ஆன்லைனில் தேடினால் 6 மி.மீ தடிமன், முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் தூண்டில் முள், மூடியில் திசைகாட்டி, எல்லாம் 900 ரூபாய்க்கு வருகிறது. அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் கைப்பிடியோடு மெலிசாக ஒரு ஸ்வீடன் கத்தி, அதைவிட விலை கூட. ஏன் என்று புரியவில்லை. கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா? ஃபுல் டாங் கட்டாயமா? நம்ம ஊர்க் கொல்லரிடமே சொல்லி அடித்து வாங்கினால் ஆகாதா?

சீவல்_சுருள்:

அந்த 900 ரூபாய்க் கத்தியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கைப்பிடி குழாயாக இருந்தால் அலகுக்கும் பிடிக்கும் நடுவே பிடிமானம் ஒரு நட்டோ சின்ன மரையோதான். பக்கவாட்டில் அழுத்தம் வரும்போது முழுச் சுமையும் அந்த இடத்தில் விழும். முதலில் ஆடும், பிறகு கழன்றுவிடும். முதுகில் உள்ள ரம்பப் பல் மரத்தை அறுக்காது. நிஜ ரம்பத்தின் பற்கள் இடமும் வலமும் மாறி மாறி வளைந்திருக்கும். அதனால் அலகைவிட அகலமான வழி விழும், அலகு சிக்காது. கத்தி முதுகில் அது கிடையாது, இரண்டு அங்குலம் போவதற்குள் இறுக்கிக்கொள்ளும். போதாததற்கு, முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்தவும் முடியாது, மரம் பிளக்கும்போது மேலிருந்து தட்டவும் முடியாது.

அளவு. நீங்கள் சொன்ன வேலைக்கு அலகு 10 முதல் 12 செ.மீ போதும். நுனி வரை கட்டுப்பாடு கையில் இருக்கும். ஸ்வீடன் விமானப்படை 1995-இலிருந்து விமானிகளுக்குக் கொடுக்கும் ஃபால்க்னிவன் எஃப்1 கத்தியின் அலகே 97 மி.மீ தான். விமானம் விழுந்து பனிக்காட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு அது போதும் என்றால் காப்பித் தோட்டத்துக்கு நமக்குப் போதாதா?

தடிமனில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தடித்த கத்தி உறுதியானது, சரி. ஆனால் வெட்டுவது கூர் மட்டுமல்ல, கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு வேகமாகத் தடிக்கிறது என்பதும்தான். 6 மி.மீ அலகால் கேரட்டை நறுக்கப் பாருங்கள்: பாதி வழியில் ஆப்பு மாதிரி மாட்டிப் பட்டென்று பிளந்துவிடும். அடுப்பு பற்றவைக்க மெல்லிய சுருள் சீவும்போதும் அதே கதை, ஆழமாக இறங்கி ஒடியும். 2.5 முதல் 4 மி.மீ வரை எடுங்கள். அதற்கு மேல் நீங்கள் தூக்கிச் சுமப்பது கடப்பாரை. அமெரிக்காவில் பேர்போன பெக்கர் பிகே2 கால் அங்குலத் தடிமன், ஏறக்குறைய 450 கிராம். மோரா கம்பானியன் என்ற பிளாஸ்டிக் பிடி ஸ்வீடன் கத்தி உறையோடு சேர்த்தும் 120 கிராம் சுமார்.

ஸ்டீல். மலை ஈரத்துக்கு, முதல் கத்தி என்றால், ஸ்டெயின்லெஸ். கார்பன் ஸ்டீல் தீட்டச் சுலபம், அடி தாங்கும், எல்லாம் உண்மை. ஆனால் ஏற்காட்டில் ஐப்பசி மழையில் ஓர் இரவு ஈரத்தோடு உறையில் விட்டால் காலையில் செந்நிறப் புள்ளி தெரியும். மோராவில் வரும் சாண்ட்விக் 12சி27 ஸ்டீலில் கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். துருவையும் தாங்கும், சாதாரணக் கல்லிலும் கூர் வரும். ஈஎஸ்ஈஈ போன்ற அமெரிக்கக் கத்தி நிறுவனங்கள் பயன்படுத்தும் 1095 கார்பன் ஸ்டீலில் கார்பன் 0.95 சதவீதம், குரோமியம் எதுவும் சேர்ப்பதில்லை. எண்ணெய் போடும் பழக்கம் கைக்கு வந்தபின் அது நல்ல கத்தி.

டி2 ஸ்டீல் என்று போட்டு மலிவாக நிறைய வருகிறது. கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீத அளவில். கூர் நீண்ட நாள் நிற்கும், அதற்கு விலையாக, மொட்டையானால் ஹார்ட்வேர் கடைக் கல்லில் லேசில் ஏறாது, வைரக்கல் வேண்டும். அடி பட்டால் வளையாமல் சில்லு பெயரும். காட்டில் இரண்டுமே தொல்லை.

‘சர்ஜிகல் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’, பின்னால் ஏ, பி, சி என்ற எழுத்து இல்லாத வெறும் ‘440’ என்று மட்டும் போட்டிருந்தால் எதுவும் சொல்லவில்லை என்று பொருள். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3 சதவீதம்தான், சீக்கிரம் மழுங்கும். காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண், கத்திக்கு ஆகும் ஸ்டெயின்லெஸ்ஸும் காந்தத்தில் ஒட்டும்.

ஃபுல் டாங் என்றால் அலகின் இரும்பு அதே அகலத்தில் பிடியின் கடைசிவரை போவது. இருந்தால் நல்லது. கம்பானியனில் டாங் கடைசிவரை போகாது, ஆனாலும் செதுக்கவும் மணிக்கட்டுக் கனத்து விறகைத் தட்டிப் பிளக்கவும் தாங்கும். நெம்பக் கூடாது, அவ்வளவுதான். பணம் ஏற்றலாம் என்றால் அதிலேயே 3.2 மி.மீ ஹெவி டியூட்டி. இன்னும் ஏறினால் மோராவிலேயே கார்பெர்க்: 109 மி.மீ அலகு, 3.2 மி.மீ தடிமன், ஃபுல் டாங், 14சி28என் ஸ்டெயின்லெஸ். உங்கள் பட்ஜெட்டில் நான் சொல்வது கம்பானியன் ஸ்டெயின்லெஸ்தான்.

உலைத்துருத்தி:

மேலே சொன்னதில் பாதிக்கு மேல் சரிங்க. விறகு பிளக்கிற இடத்துல மட்டும் ஒத்துக்க மாட்டேன். கத்தியை வச்சு மேல கட்டையால தட்டிப் பிளக்கிறது ஸ்வீடன் பைன் மரத்துக்குச் சரி. நம்ம பக்கம் கிடைக்கிறது சவுக்கு, கருவேலம், காஞ்ச காப்பிக் கொம்பு. நார் முறுக்கிக்கிட்டு இருக்கும், கணு வேற. அதுக்குக் கொடுவாள் இருக்குது. ரெண்டடி தள்ளி நின்னு நாலு போடு போட்டா முடியற வேலைக்கு எதுக்கு 2.5 மி.மீ கத்தியைச் சித்திரவதை பண்ணணும்? தோட்டத்துலயே ஒரு கொடுவாள் கண்டிப்பா இருக்கும், அதை வாங்கிக்கங்க. சீவறது, செதுக்கறது, நறுக்கறதுக்கு மட்டும் கத்தி. ரெண்டும் சேர்ந்தா எந்த ஒத்தைக் கத்தியும் பக்கத்துல வராது.

கொல்லர்கிட்ட அடிக்கலாமான்னு கேட்டீங்க. தாராளமா. ஆனா ‘நல்ல கத்தி ஒண்ணு போடுங்க’ன்னு மட்டும் சொன்னா அவர் கைக்குப் பழகின அரிவாள் மாதிரிதான் வரும்: தடியா, கூர்ல மட்டும் பதம். இதையெல்லாம் வாயால சொல்லணும்:

இரும்பு. லாரி, ஜீப் ஸ்பிரிங் பட்டைதான் வழக்கம். பெரும்பாலும் 0.5-0.6 சதவீதக் கார்பன் இருக்கிற ஸ்பிரிங் ஸ்டீல், முரட்டு வேலை தாங்கும். ஆனா உடைஞ்சு கழட்டின பட்டை வேண்டாம். ஒரு இடத்துல உடைஞ்சிருந்தா மத்த இடத்துலயும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும், தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கறது) போடும்போது அது வாயைப் பொளந்துக்கும். ஸ்பிரிங் கடையில புதுப் பட்டையோட வெட்டுத்துண்டு கேட்டா கிடைக்கும்.

அளவு. அட்டையில வெட்டி எடுத்துட்டுப் போங்க. அலகு 11 செ.மீ, அகலம் 28 மி.மீ, பிடிகிட்ட முதுகு 4 மி.மீ, நுனிப் பக்கம் போகப் போக 2 மி.மீ-க்கு இறங்கணும். பிடி 11 செ.மீக்குக் குறையக் கூடாது, நாலு விரலும் உட்காரணும். விரலுக்கு விரல் பள்ளம் வெட்ட வேண்டாம், பிடியை மாத்திப் பிடிச்சா அந்த மேடு கையை அறுக்கும். ஆணி பித்தளையில ரெண்டு, நடுவுல எப்பாக்ஸி. டாங் மூலைய செங்கோணமா வெட்டாம உருட்டி விடச் சொல்லுங்க. கத்தி ஒடிஞ்சா அங்கதான் ஒடியும்.

தோய்ச்சல். இங்கதான் எல்லாம் இருக்குது. ஸ்பிரிங் ஸ்டீலைத் தண்ணியில விட்டா மெல்லிசான கத்தி வளையும், இல்ல கீறல் விழும். எண்ணெயில விடணும். லேசா சூடு பண்ணின சமையல் எண்ணெய் போதும், 4 லிட்டருக்குக் குறையாம, எண்ணெயே சீக்கிரம் கொதிச்சிரக் கூடாது. இரும்பு காந்தத்துல ஒட்டறது நிக்கிற சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் மேல, ஏறக்குறைய 830 டிகிரி. வெளிச்சத்துல நிறம் ஏமாத்தும், நிழல்ல வச்சுப் பார்க்கணும். எடுத்ததும் புது அரத்தை வச்சு இழுத்தா வழுக்கிட்டுப் போகணும். கடிச்சா தோய்ச்சல் ஏறலைன்னு அர்த்தம், மறுபடி போடணும்.

அதோட விட்டா கண்ணாடி மாதிரி ஒடியும். அடுப்பங்கரை ஓவன்ல 200 டிகிரியில ரெண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு ரெண்டு மணி நேரம். பட்டறையிலயே நிறம் பார்த்து இறக்கறவர்னா கூர்ப்பக்கம் வைக்கோல் மஞ்சள்ல நிறுத்தச் சொல்லுங்க. ஊதா, நீலம் வந்திருச்சுன்னா அது ஸ்பிரிங்குக்கு ஆகும், கத்திக்கு ஆகாது.

வாங்கும்போது ஒரு சோதனை. கூரை ஒரு பித்தளைக் கம்பி மேல சாய்வா வச்சு அழுத்தி இழுங்க. கூர் லேசா நெளிஞ்சு திரும்பி வந்தா சரி. நெளிஞ்சது நெளிஞ்சபடி நின்னா பதம் பத்தலை, சில்லு விட்டா இன்னொரு தடவை ஓவன்.

கருவேலங்காடு:

கத்தி பற்றி இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். எடுத்துக்கொண்டு போவது பற்றி யாரும் சொல்லவில்லை.

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் வரும் 2016-ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாம் வகை இது: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. 10, 12 செ.மீ கத்தி அந்த அளவுக்குள் வராது. அதற்காக இடுப்பில் தொங்கவிட்டுக் காந்திபுரம் பஸ் நிலையத்தில் நிற்க வேண்டாம். உறையில் போட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில். விமானம் என்றால் கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் மட்டும்.

முக்கியமானது காடு. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31: முன்கூட்டி எழுத்தில் அனுமதி பெறாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அதே சட்டத்தின் 2(35) பிரிவில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும், அளவு எதுவும் குறிப்பிடவில்லை. ஆக, 9 அங்குலக் கணக்கை அங்கே காட்ட முடியாது. தீ மூட்டுவதைப் பிரிவு 30 தடுக்கிறது. காப்புக்காட்டுக்கும் தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இல் தீ பற்றிய தடை உண்டு. தனியார் தோட்டத்தில் தங்குகிறீர்கள், சரி. ஆனால் ஆனைகட்டியில் பல தோட்டங்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கமே காடு. எல்லை எங்கே என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் திறந்த நெருப்பே வேண்டாம், கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் இறந்தது காய்ந்த புல்லில் பரவிய தீயால்தான்.

கோவை_நடையன்:

மூவருக்கும் நன்றி. கம்பானியன் ஸ்டெயின்லெஸ் என்று முடிவு செய்துவிட்டேன், கொடுவாள் தோட்டத்திலேயே இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். தீட்டுவது எப்படி? தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? ஃபெரோ ராடில் (சுரண்டினால் பொறி வரும் உலோகக் குச்சி) பொறி தட்ட கார்பன் ஸ்டீல்தான் வேண்டும் என்கிறார்களே?

சீவல்_சுருள்:

இரண்டாவதற்கு முதலில் பதில். ஃபெரோ ராடில் பொறி வருவது ராடிலிருந்து. சுரண்டும் விளிம்பு கூரான செங்கோணமாக இருந்தால் ஸ்டெயின்லெஸ்ஸாலும் வரும், உடைந்த கண்ணாடியாலும் வரும். கார்பன் ஸ்டீல் கட்டாயம் ஆவது பழைய சக்கிமுக்கிக் கல்லுக்கு, அங்கே பொறி இரும்பிலிருந்து பெயர்கிறது. உங்கள் சிக்கல் வேறு: கம்பானியனின் முதுகு விளிம்பு மழுங்கலாக வரும். அகலமான கரடுக் கல்லில் முதுகைச் செங்குத்தாக நிறுத்தி, பிடியிலிருந்து 4 செ.மீ நீளத்துக்கு மட்டும் தேய்த்தால் விளிம்பு எழும்பிவிடும். முழு நீளமும் வேண்டாம், கட்டைவிரல் வைக்கும் இடம் மழுங்கலாகவே இருக்கட்டும். கூரால் ராடைச் சுரண்டாதீர்கள். கத்தியை அசைக்காமல் பிடித்து ராடைப் பின்னுக்கு இழுங்கள், இல்லாவிட்டால் கத்தி போய்ச் சேர்த்து வைத்த சுருளைத் தட்டிவிடும்.

சாணைக்காரரிடம் வேண்டாம். அரிவாள்மனைக்குச் சரி. சுழலும் சக்கரத்தில் மெல்லிய கூர் நொடியில் சூடேறும். பழுப்பாகவோ நீலமாகவோ ஒரு கீற்று தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளும் வரை அங்கே கூர் நிற்காது. இன்னொன்று, மோராவில் இருப்பது ஸ்காண்டி கிரைண்ட்: பக்கவாட்டில் அகலமான ஒரே சரிவு, நேராகக் கூர் வரை. சக்கரம் அந்தச் சரிவை உருண்டையாக்கிவிடும்.

அதே சரிவுதான் தீட்டுவதையும் எளிதாக்குகிறது, கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை. சரிவை அப்படியே கல்லில் படிய வைத்து, இரண்டு விரலால் சரிவின் மேலேயே அழுத்தி, கூரை முன்னால் விட்டுத் தள்ளுங்கள். நுனி வளைவு வரும்போது பிடியைச் சற்றே உயர்த்தினால் போதும். 1000 கிரிட் (எண் கூடக் கூடக் கல் நைசு) தண்ணீர்க்கல் வழக்கத்துக்கு, சில்லு விழுந்திருந்தால் மட்டும் 400. ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் நகத்தில் இடறும் பிசிறு எழும். கூரின் முழு நீளத்துக்கும் பிசிறு எழுந்த பிறகுதான் பக்கம் மாற்றணும். பாதியில் மாற்றுவதால்தான் ‘ஒரு மணி நேரம் தேய்த்தும் ஏறவில்லை’ என்கிறார்கள். பிசிறு மெலிந்ததும் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் பச்சை பாலிஷ் கட்டி தடவி, கூரைப் பின்னால் விட்டு, பக்கத்துக்கு 20 இழுப்பு. தக்காளித் தோலில் வெறும் எடையால் இறங்கினால் வேலை முடிந்தது.

சவுக்கு, கருவேலம், மூங்கில் சீவப் போகிறீர்கள் என்றால் இதோடு நிறுத்தாதீர்கள். ஸ்காண்டி கூர் ரொம்ப மெல்லியது, கணுவில் பட்டால் நெளியும். மூங்கிலில் சிலிக்கா வேறு. முதுகைச் சற்று உயர்த்தி, கத்தியின் எடை மட்டும் படும்படி பக்கத்துக்கு ஐந்து தடவை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்னச் சரிவு கூரைக் காப்பாற்றும்.

பின்னால் ஃபிளாட் கிரைண்ட் கத்தி (முதுகிலிருந்து கூர்ப்பக்கம் வரை சீராக மெலியும் அலகு) வாங்கினால் கோணம் நீங்களே பிடிக்க வேண்டும். 25 மி.மீ அகல அலகில் முதுகைக் கல்லிலிருந்து 8.5 மி.மீ தூக்கினால் பக்கத்துக்கு 20 டிகிரி. சாதாரணப் பென்சில் 7 மி.மீ, அதை முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் 16 டிகிரி சுமார். அதைவிடக் கொஞ்சம் மேலே என்று கைக்குப் பழகிவிடும்.

உலைத்துருத்தி சொன்ன கொடுவாள் விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கொடுவாள் இல்லாத இடத்தில் தட்டிப் பிளக்க நேர்ந்தால்: விறகு 6 செ.மீ கனத்துக்கு மேல் வேண்டாம், நுனி மறுபக்கம் 3 செ.மீயாவது வெளியே நீட்டினால்தான் தட்ட இடம் இருக்கும். கணு இல்லாத முனையைத் தேர்ந்தெடுங்கள். தட்டுவது கட்டையால், கல்லாலோ சுத்தியலாலோ அல்ல. இறங்க இறங்கப் பிடியைக் கிடைமட்டத்தில் வையுங்கள். நுனியை மட்டும் அடித்துப் பிடி மேலே கிளம்பினால் முழு விசையும் டாங்கில்தான் விழும். மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் ஆட்டாமல், பின்புறமிருந்து தட்டி வெளியே எடுங்கள்.

உலைத்துருத்தி:

கொடுவாளுக்குத் தண்ணீர்க்கல் எல்லாம் வேண்டாம். பனையேறிகள் வச்சிருக்கிற மாதிரி ஒரு பலகை, அதுமேல வெங்கச்சங்கல் (வெள்ளைக் குவார்ட்ஸ் கல்) தூள், அவ்வளவுதான். மோராவுக்கு அதைப் பண்ணிராதீங்க, சரிவு உருண்டுபோகும்.

கருவேலங்காடு:

உறை பற்றி ஒரு வரி. கத்தியைப் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள், கழன்று விழுந்தால் அந்த உறை ஆகாது. உருவும்போது விரல்கள் உறையின் கூர்ப்பக்கத்தைச் சுற்றிக்கொள்ளக் கூடாது, தோல் உறையின் தையலை அறுத்துக்கொண்டு கூர் வெளியே வரும். மோராவின் பிளாஸ்டிக் உறையில் அடியில் ஓட்டை இருக்கும், அதில் மண் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைக்கும்போது கழுவித் துடைத்து உறைக்கு வெளியே. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஸ்டெயின்லெஸ்ஸிலும் புள்ளி விழும். உணவுக்கும் அதே கத்தி என்பதால் மெஷின் ஆயில் வேண்டாம், தேங்காய் எண்ணெய் துளி தடவினால் போதும்.

உட்கார்ந்து செதுக்கும்போது தொடைகளுக்கு நடுவே கத்தியை ஓட்டாதீர்கள். உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு வெளியே, உடம்பை விட்டு விலக்கி. கை நீட்டினால் எட்டும் தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. பையில் அழுத்துக்கட்டுத் துணி ஒரு சுருள், கத்தி இருக்கும் அதே பக்க ஜிப்பில்.